கியர் எண்ணெய்: ரோஸ் சிராப்பா, கோப்பி ஓவா?

ஆட்டோ கியர் காரின் கியர் எண்ணெயை மாற்ற வேண்டுமா என்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். கார் விற்பவர், "அது ஆயுளுக்கும் தாங்கும் எண்ணெய், தொடவே வேண்டாம்" என்பார். பட்டறை தவுக்கே, "மெஷின் போட்டு மொத்தமாகக் கழுவிடலாம்" என்பார். சொந்தக்கார மாமா ஒருவர், "மாற்றின மறுமாதமே என் கியர் போயிடுச்சு, நீயும் மாட்டிக்காதே" என்பார். நான்காமவர், "அப்படி ஓர் எண்ணெய் இருக்கிறதா என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

நம்மில் பெரும்பாலோர் அந்த நான்காமவர்தாம். என்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறோம். டயர், பேட்டரி, ஏர்கோன் என்று எல்லாவற்றுக்கும் பணம் எடுத்து வைக்கிறோம். கியர் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் ஓர் எண்ணெய் கிடந்து கருகுவது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு நாள் 'டி'யில் போட்டால் கார் இரண்டு விநாடி யோசித்துவிட்டு நகரும். அடுத்த சில மாதங்களில் என்ஜின் கத்தும், வேகம் ஏறாது. அதன் பிறகு பட்டறையில் சொல்லும் தொகை ஆயிரங்களில் இருக்கும். ஒன்பது ஆண்டுக் கடனில் ஐந்தாவது ஆண்டைத் தாண்டாத குடும்பத்துக்கு அது பெரிய இடி. காரை வைத்துத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வேண்டும், வேலைக்கும் போக வேண்டும்.

அந்த இடியைத் தள்ளிப்போட உதவும் வேலை, இரண்டு மணி நேரத்தில் வீட்டு வாசலிலேயே முடியக்கூடியது. எல்லாக் காருக்கும் அல்ல. எந்தக் காருக்கு முடியும், எதற்குக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் இதில் பாதி வேலை.

எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது?

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் முடுக்குங்கள். அந்தக் காற்று பட்டு மற்றதும் சுற்றத் தொடங்கும். ஆட்டோ கியரின் முன்பகுதியில் இருக்கும் 'டார்க் கன்வெர்ட்டர்' செய்வதும் இதைத்தான். ஒரு விசிறி என்ஜினோடு சுற்றும், மறுவிசிறி கியர் பெட்டியோடு சுற்றும். நடுவில் காற்றுக்குப் பதில் எண்ணெய். சிவப்பு விளக்கில் 'டி'யில் நிற்கும்போது என்ஜின் நின்றுபோகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த எண்ணெய் வழுக்கிக்கொடுப்பதுதான். வழுக்கும் இடத்தில் சூடு பிறக்கும்.

கியர் மாறுவதும் எண்ணெயால்தான். உள்ளே கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கணினி சொல்லும் வால்வு திறந்ததும் எண்ணெய் அழுத்தத்தோடு பாய்ந்து அந்தத் தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு பக்கம் பற்சக்கரங்களுக்கு வழுக்கல் தர வேண்டும், இன்னொரு பக்கம் தகடுகள் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். சூட்டை வெளியே கடத்த வேண்டும், உதிரும் துகளைச் சுமக்க வேண்டும். ஒரே எண்ணெயிடம் இத்தனை வேலை வாங்கும் இயந்திரம் காரில் வேறெங்கும் இல்லை.

இந்த எண்ணெய்க்கு ஒரு பழைய கதையும் உண்டு. முழுத் தானியங்கிக் கியரைப் பெருமளவில் தயாரித்து விற்ற முதல் நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் அது வந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், கியர் எண்ணெயில் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெயும் கலக்கப்பட்டது. தகடுகள் நடுங்காமல் மெதுவாகப் பிடிக்க அதை விஞ்சும் பொருள் அப்போது கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில், அழியும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டத்தால் அது நின்றது. இரசாயனக் கூட்டுப் பொருள்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்று ஒவ்வொரு கார் நிறுவனமும் தனக்கென ஓர் எண்ணெய் வகையைச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கூட்டுப் பொருள்கள்தாம்.

சூடு ஏற ஏற அந்தக் கூட்டுப் பொருள்கள் சிதைகின்றன. எண்ணெயின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கையாளும் கணக்கு. நம் ஊர் வெயில், மாலை 6 மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நகர்ந்து நிற்பது, விடுமுறையில் குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கெந்திங் ஏறுவது, இவை மூன்றும் சேர்ந்தால் அது 'கடினமான பயன்பாடு'. கையேட்டில் அதற்குத் தனி அட்டவணை இருக்கும். பெரும்பாலான கையேடுகள் 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன. கடினப் பயன்பாட்டுக்கு அதைவிடக் குறைந்த தூரம். "எங்கே நான் கடினமா ஓட்டுறேன், ஆபீசுக்கும் வீட்டுக்கும்தானே போறேன்" என்று நினைப்பவர்கள், அந்த அட்டவணையின் முதல் வரியைப் படிக்கட்டும். நின்று நின்று நகரும் ஓட்டம் அங்கேதான் இருக்கும்.

'ஆயுளுக்கும் தாங்கும்' என்பதும் ஒருவகையில் உண்மைதான். யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. ஐந்து ஆண்டில் காரை விற்றுவிடும் முதல் உரிமையாளருக்கு அது தாங்கும். அவரிடம் வாங்கிய இரண்டாமவர்தான் மாட்டிக்கொள்கிறார். நம் குடும்பங்களில் பலர் அந்த இரண்டாமவர்.

முதலில் உங்கள் கியர் எது?

பெயரைப் பார்த்து எண்ணெய் வாங்காதீர்கள். புரோட்டோன் சாகா என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த சாகாவின் ஆட்டோவில் 4 வேகக் கியர். 2011இல் வந்த எஃப்.எல்.எக்ஸ். சி.வி.டி.க்கு மாறியது. 2019இல் மறுபடியும் 4 வேகம், இந்த முறை ஹியூண்டாய் கியர் பெட்டி. மைவியும் அப்படித்தான். 2005 தொடங்கி 4 வேக ஆட்டோ, 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்பில் டி-சி.வி.டி. ஹோண்டா சிட்டியில் 2014க்கு முந்தைய தலைமுறை 5 வேக ஆட்டோ, அதற்குப் பிறகு சி.வி.டி.

சி.வி.டி.யில் பற்சக்கரங்களை மாற்றி மாற்றிக் கோக்கும் வேலை இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டை கப்பியை விடாமல் பிடிப்பதற்கென்றே தனி எண்ணெய். ஹோண்டா சி.வி.டி.க்கு எச்.சி.எஃப்-2, நிசானின் புதிய சி.வி.டி.க்கு என்.எஸ்-3. இவற்றில் சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கும், கப்பியில் கீறல் விழும். பிறகு அந்தப் பெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எக்ஸ் 50 போன்ற கார்களில் இருக்கும் இரட்டைக் கிளட்ச் கியரும் வேறு இனம். அதையும் வீட்டில் தொடாதீர்கள்.

எண்ணெய்ப் புட்டியில் 'எல்லா வண்டிக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தால் கடைக்காரருக்கு வசதி. ஒரே சரக்கை வைத்து எல்லாருக்கும் விற்கலாம். உங்கள் கையேட்டில் என்ன வகை அச்சாகியிருக்கிறதோ, அதுவே புட்டியின் மேலும் இருக்க வேண்டும். பழைய சிட்டிக்கு இசட்-1 என்று இருந்தால், அதற்கு மாற்றாக ஹோண்டாவே கொண்டுவந்தது டி.டபிள்யூ-1. இப்படி நிறுவனமே சொன்ன மாற்றை ஏற்கலாம். "ரெண்டும் சிவப்புதானே" என்ற மாற்று வேண்டாம். அந்தச் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் என்ஜின் எண்ணெய் அல்ல என்று அடையாளம் தெரிவதற்காகச் சேர்ப்பது.

அடுத்து, டிப்ஸ்டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டாவில் 'டபிள்யூ.எஸ்.' எண்ணெய் போடும் பல மாடல்களில் அது இல்லை. காரை மட்டமாகத் தூக்கி, எண்ணெயின் வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கும்போது அடியில் ஒரு போல்ட்டைத் திறந்து, வழிவதை வைத்து அளவு பார்க்க வேண்டும். லிஃப்டும் வெப்பம் காட்டும் கருவியும் இல்லாமல் அது ஆகாது. அந்தக் கார்களுக்குப் பட்டறைதான். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காருக்கும் அதே பதில். பெரோடுவாவும் புரோட்டோனும் இப்போது 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. நூறு வெள்ளி மிச்சத்துக்காகச் சேவைப் புத்தகத்தின் முத்திரையை இழக்காதீர்கள்.

டிப்ஸ்டிக் இருந்தால் அதை உருவி ஒரு வெள்ளைத் தாளில் துடையுங்கள். புதிய எண்ணெய் ரோஸ் சிராப் நிறத்தில் தெளிவாக இருக்கும். தே ஓ நிறம் என்றால் வயதாகிவிட்டது, மாற்றும் நேரம். கோப்பி ஓ நிறத்தில், கருகின வாசனையும் சேர்ந்து வந்தால் தகடுகள் தேயத் தொடங்கிவிட்டன. சிராப் பண்டுங் போல இளஞ்சிவப்பாக, பால் கலந்தாற்போல் இருந்தால் காரை ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி ஓட்டையாகி, தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. முதலில் ரேடியேட்டர், பிறகு மற்றவை. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போதும், கார் விற்பவர் ஏர்கோன் குளிர்ச்சியைக் காட்டிக்கொண்டிருக்கையில், இந்த வெள்ளைத் தாள் சோதனையை நீங்கள் செய்துகொள்ளலாம்.

இனி மாமாவின் கதை. எண்ணெய் மாற்றிய மறுமாதம் கியர் போவது உண்மையில் நடக்கிறது. புதிய எண்ணெயின் மேல் பழி போடுவதில்தான் தவறு. பெரும்பாலும் கார் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் மக்களுக்கு எண்ணெய் ஞாபகமே வருகிறது. தகடு தேய்ந்து, அதன் துகள் எண்ணெயில் மிதந்து, அந்தக் கரடுமுரட்டில்தான் கியர் கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது போகும். மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவினால், ஆங்காங்கே படிந்துகிடக்கும் கசடு கிளம்பி வால்வுகளில் சிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே என் கருத்து இது. ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒரு தடவையும் மாற்றாத கார், ஆனால் கியர் மென்மையாக மாறுகிறது என்றால், மெஷின் வேண்டாம், வடித்து ஊற்றும் எளிய முறையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஏற்கெனவே வழுக்குகிறது என்றால், எண்ணெய்க்குச் செலவிடும் பணத்தை நல்ல கியர் பட்டறையில் சோதனைக்குக் கொடுங்கள்.

வாசலில் செய்யும் வேலை

எடுத்துக்காட்டுக்கு 2014க்கு முந்தைய 5 வேக சிட்டியையே வைத்துக்கொள்வோம். நம் தாமான்களில் இன்னும் நிறைய ஓடுகிறது, வடிக்கவும் எளிது. மற்ற கார்களுக்கு அளவும் இடமும் மாறும், வரிசை மாறாது.

தேவையானவை: சரியான எண்ணெய் 3 லிட்டர், புதிய அலுமினிய வாஷர் ஒன்று, முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குல ராட்செட், நீளக் குழாய் வைத்த சுத்தமான புனல், அளவுக் கோடு போட்ட ஜாடி, பழைய பேசின், கையுறை. எண்ணெயும் வாஷரும் சேர்ந்து 150 வெள்ளியைத் தாண்டுவது அரிது. இவற்றைவிட முக்கியமானது ஒரு ஜோடி ஜேக் ஸ்டாண்ட். காரோடு வந்த ஜேக், டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். ஜேக் மட்டும் தாங்கும் காரின் அடியில் தலையை, கையைக்கூட நுழைக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலையும் இல்லை. வாசல் சரிவாக இருந்தாலும் அப்படியே. பின் டயருக்குக் கட்டை வையுங்கள், கைப்பிரேக்கை இழுங்கள், கியர் 'பி'யில் இருக்கட்டும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். காரைத் தூக்கியதும் எட்டிப் பார்க்கத் தோன்றும் வயது அவர்களுக்கு.

முதலில் பத்து நிமிடம் ஓட்டி வந்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். இதமான சூட்டில் எண்ணெய் நன்றாக வடியும். கொதிக்கும் சூட்டில் கை வெந்துவிடும். பக்கத்திலேயே போகும் புகைக்குழாய் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வடிப்பதற்கு முன் ஊற்றும் வழியைத் திறந்து பாருங்கள். சிட்டியில் டிப்ஸ்டிக் துளை வழியாகவே ஊற்றலாம். வேறு சில கார்களில் ஊற்றுவதற்குத் தனி போல்ட் இருக்கும். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், எண்ணெய் முழுவதும் வடிந்த கார் வாசலில் நிற்கும், இழுவை லாரிதான் வர வேண்டும். இந்த வரிசையை எந்தக் காரிலும் மாற்றாதீர்கள்.

இப்போது போல்ட்டை அடையாளம் காண்பது. என்ஜின் எண்ணெய் என்று நினைத்துக் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, பிறகு என்ஜினில் புதிதாக நான்கு லிட்டர் ஊற்றுவது உலகம் முழுவதும் நடக்கும் விபத்து. கியர் காய்ந்து, என்ஜின் நிரம்பி வழிந்து, இரண்டுக்கும் ஒரே நாளில் ஆபத்து. ஹோண்டாவில் வேறுபாடு தெளிவானது. என்ஜின் போல்ட்டுக்கு அறுகோணத் தலை, 17 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். கியர் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி, ராட்செட்டின் முனையே நேராகப் பொருந்தும். சிட்டியில் அது காரின் இடப்பக்கம், பேட்டரிக்குக் கீழே உள்ள கியர் பெட்டியில் இருக்கிறது. சதுரக் குழி கண்ணில் படாதவரை எதையும் திருக வேண்டாம்.

திறந்ததும் எண்ணெய் வேகமாகப் பீய்ச்சும், பேசினைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் சொட்டட்டும். அந்த நேரத்தில் போல்ட்டின் முனையைப் பாருங்கள். அங்கே காந்தம் உண்டு. சாம்பல் நிறத்தில் விபூதியைக் குழைத்தாற்போல் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிடலாம். நகத்தில் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் நல்ல செய்தி இல்லை. ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் காட்ட உதவும். துடைக்கும்போது நூல் உதிரும் பழந்துணி வேண்டாம். உள்ளே இருக்கும் வால்வுகள் மெல்லிய வழிகளால் ஆனவை, ஒரு நூல் போதும் அடைக்க.

வடிந்ததை ஜாடியில் ஊற்றி அளந்து, எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சிட்டிக்கு இரண்டரை லிட்டரை ஒட்டி வரும். கனிமநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதை மட்டும் செய்ய வேண்டாம். சிவப்பு நிறம், தெரிந்த புட்டி, வீட்டில் சின்னப் பிள்ளை. மேலே விளக்க எதுவும் இல்லை.

புதிய வாஷரோடு போல்ட்டை முதலில் கையால் திருகுங்கள். நேராக ஏறுகிறது என்று உறுதியான பிறகே ராட்செட். ஹோண்டா சொல்லும் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பானர் இருந்தால் அதன்படி இறுக்குங்கள். இல்லாதவர்கள், வாஷர் நசுங்கி உட்காருவது கையில் தெரிந்ததும் நிறுத்துங்கள். பெட்டி அலுமினியம், போல்ட் எஃகு. பலத்தைக் காட்டினால் தோற்பது அலுமினியம்தான், மரை போய்விடும்.

எவ்வளவு வடிந்ததோ அவ்வளவையே மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டாண்டிலிருந்து காரை இறக்கி என்ஜினை முடுக்குங்கள். பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, மறுபடி 'பி'க்கு வாருங்கள். அடியில் ஒழுகுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை என்ஜினைச் சூடாக்குங்கள். மட்டமான தரையில் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ஹோண்டாவில் அணைத்த பிறகு 60 விநாடிக்கு மேல், 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் பலவற்றில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொல்வார்கள். இதைக் கையேட்டில் சரிபாருங்கள். ஒரு காரின் முறையில் மற்றொரு காரைப் பார்த்தால் அளவு தவறும்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கியர் வழுக்கும். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்பது குழம்புக்குச் சரி, இங்கே பொருந்தாது. அளவு மீறினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்காது, தகடுகள் பிடிக்காது. குறைவாக ஊற்றிய அதே கோளாறுதான் இதிலும் வரும். கூடிவிட்டால் சோம்பாமல் மறுபடி கொஞ்சம் வடித்துவிடுங்கள்.

இரண்டரை லிட்டர் மாற்றினோம், மீதி? டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் பழையது இருக்கிறது. ஒரு தடவை வடித்தால் மொத்தத்தில் பாதிக்கும் குறைவுதான் வெளியேறுகிறது. 40 விழுக்காடு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தடவைக்குப் பின் பழையது 60 விழுக்காடு, இரண்டாம் தடவைக்குப் பின் 36, மூன்றாம் தடவைக்குப் பின் 22. நீண்ட நாள் மாற்றாத காருக்கு, சில வாரம் ஓட்டி இடைவெளி விட்டு மூன்று தடவை செய்தால் போதுமான அளவுக்குப் புதிதாகிவிடும். ஒழுங்காகப் பராமரித்த காருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தடவையே போதும். கியர் பெட்டிக்கும் அது அதிர்ச்சி தராது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நமக்கு ஒத்து வராது, பட்டறைக்கே கொடுத்துவிடுவோம்" என்று முடிவு செய்பவர்களும் இருப்பார்கள். அடுக்குமாடியில் வசிப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை, கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் வடித்தால் நிர்வாகம் சும்மா விடாது. பட்டறையில் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த வகை எண்ணெய், புட்டியைக் காட்ட முடியுமா? எத்தனை லிட்டர் வடிந்தது, எத்தனை ஊற்றினீர்கள்? அளவை எந்தச் சூட்டில், எப்படிப் பார்ப்பீர்கள்? நல்ல போர்மேன் மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய எண்ணெயைக் காலியான புதுப் புட்டிகளில் ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே 'கழிவு எண்ணெய்' என்று எழுதி, வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர்கள் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பார்கள். 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்று தனி எண்ணே உண்டு. வீட்டு முன் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், எண்ணெய் வகை, அளவு நான்கையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பானெட்டுக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். பின்னால் கார் வாங்குபவருக்கும் அது பயன்படும், உங்களுக்குப் பேரம் பேசவும் உதவும். அன்றிரவு கார் நிற்கும் இடத்தில் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து விடுங்கள். காலையில் அதில் ஒரு சிவப்புத் துளியும் இல்லையென்றால் வேலைக்குக் கிளம்பலாம்.